எலும்பு கேட்டுப் போன வடிவாச்சி

ஒரு ஊர்ல, ஊருன்னா கெட்டித் தரையில நிக்கிற ஊரு இல்ல, பாதி சேறும் பாதி தண்ணியுமா, ஆறு கடல்ல போயிக் கலக்குற எடத்துல, நண்டுக்குப்பம்னு ஒரு ஊர்ல வடிவாச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் பேரு சன்னாசி. பேருதான் சன்னாசி. எதை விட்டான் அவன்? அடுத்த வூட்டுக் கொழம்பு வாசனை வந்தா இவனுக்கு இந்த வூட்டுச் சோறு எறங்காது.

அந்த ஊரைச் சுத்திச் சுரபுன்னைக் காடு. தண்ணிக்குள்ளயே வேரை விரல் விரலா ஊனிக்கிட்டு நிக்குற மரம். காட்டுல தேன் உண்டு, நண்டு உண்டு, மீன் உண்டு. புலியும் உண்டு. தண்ணியில நீந்துற புலி. ஊர்க்காரங்களும் அந்தக் காட்டை நம்பித்தான் பொழைச்சாங்க, புலியும் அந்தக் காட்டை நம்பித்தான் பொழைச்சுது. வருசத்துக்கு ஒரு ஆளு போவும். போனா அழுவாங்க, அழுதுட்டு அதே காட்டுக்குத்தான் மறுபடியும் போவாங்க. வேற எங்க போறது?

அந்த ஊர்ல ஒரு கட்டு இருந்துச்சு. ஆம்பளை தேனெடுக்கக் காட்டுக்குப் போனா, வூட்டுல இருக்குற பொம்பளை தலை சீவக் கூடாது, கதவுக்குத் தாழ் போடக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது. மூட்டுனா அந்தப் புகை நேரா காட்டுக்குப் போயி, புலி கிட்ட ஆளைக் காட்டிக் குடுத்துடுமாம். யாரு கண்டா? காட்டிக் குடுத்த புகையை யாரும் பாத்ததில்ல. ஆனா கட்டுன்னா கட்டுதான்.

ஒரு நாளு சன்னாசி தேனெடுக்கக் கெளம்புனான். அன்னைக்கின்னு பாத்து, காலையில வடிவாச்சி பஞ்சாரத்தைத் தூக்குனா செவலைக் கோழியக் காணோம். முட்டையிடுற கோழி.

"கோழி எங்கய்யா?"ன்னா.

"கீரி தூக்கிட்டுப் போயிருக்கும் புள்ள. விடு, தேன் வித்து வேற வாங்கித் தரேன்"னு சொல்லிட்டு, தோணியத் தள்ளிக்கிட்டுப் போயிட்டான்.

இவளும் தலை சீவலை, தாழ் போடலை, அடுப்பும் மூட்டலை. பழைய சோத்தையும் உப்பையும் தின்னுக்கிட்டுக் கெடந்தா. மாமியாக்காரிக்குத்தான் இருமல் வந்துடுச்சு. லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டு, "ஒரு வாய் இஞ்சித் தண்ணி வெச்சுக் குடுடி"ன்னா.

"அடுப்பு மூட்டக் கூடாதே அத்தே."

"அப்ப நான் செத்தாப் பரவால்லையா?"

என்ன செய்வா பாவம்? ஒரு கை சுள்ளி வெச்சு, ஒரு சொம்புத் தண்ணி கொதிக்க வெச்சுக் குடுத்தா. கெழவி குடிச்சா, இருமல் நின்னுச்சு, தூங்கிட்டா.

மறுநாளு சன்னாசியோட தோணி ஆளில்லாம மெதந்து வந்துச்சு.

ஊரே ஓடுச்சு. காட்டு ஓரத்துல ஒரு கெளையில அவன் வேட்டி தொங்குது. கிழிஞ்சு, ரத்தமா. ஆளைக் காணோம், அவன் கொண்டு போன கத்தி மட்டும் சேத்துல கெடக்குது. வடிவாச்சி அந்த வேட்டியப் புடுங்கி மாரோட அணைச்சுக்கிட்டா. யாரோ புடிச்சு உக்கார வெச்சாங்க.

அப்பத்தான் மாமியாக்காரி மாரடிச்சுக்கிட்டு ஓடி வந்து, ஊர் நடுவுல நின்னு என்ன சொன்னா தெரியுமா?

"இவதான்! இவதான் அடுப்பு மூட்டுனா! என் கண்ணால பாத்தேன்! எம் புள்ளையப் புலிக்குத் தின்னக் குடுத்தவ இவதான்!"

வடிவாச்சி எந்திரிச்சா. "அத்தே! உங்களுக்குத்தானே இஞ்சித் தண்ணி..."

"பாத்தீங்களா, மூட்டுனேன்னு அவ வாயாலயே சொல்றா!"

அவ்வளவுதான். ஊர் நாட்டாரு பஞ்சாயத்துல ரெண்டு தீர்ப்பு சொன்னாரு. ஒன்னு, கருமாதி முடிஞ்ச கையோட காட்டை வளைச்சு அந்தப் புலியக் குத்திக் கொல்லணும், அதுக்கு இப்பவே வேல் முனையில தில்லைப் பால் தடவி வைங்க. தில்லைப் பால்னா தில்லை மரத்துல வடியுற பால், கண்ணுல ஒரு சொட்டு பட்டாலே பார்வை போயிடும். ரெண்டாவது தீர்ப்பு வடிவாச்சிக்கு. அதை மாமியாக்காரியே சொன்னா.

"எம் மவனுக்குக் கொள்ளி வைக்க ஒடம்பு இல்ல. கருமாதிக்காச்சும் ஒரு எலும்பு வேணும். நீதானே தின்னக் குடுத்த, நீயே போயிக் கேட்டு வாங்கிட்டு வா. எலும்பு இல்லாம ஊருக்குள்ள காலை வெக்காத."

புலி கிட்டப் போயி எலும்பு கேக்கணுமாம்! சொல்றவளுக்கு வாய் வலிக்குமா?

கருமாதி அன்னைக்கு விடியக் காலம், தண்ணி வத்துன நேரத்துல, அந்த ரத்த வேட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு வடிவாச்சி காட்டுக்குள்ள எறங்குனா. யாரும் தோணி குடுக்கலை. முழங்கால் சேறு. வேரு காலைக் கிழிக்குது. அவளுக்குப் பயம் போயிடுச்சு, கோவம்தான் இருந்துச்சு. நடுக்காட்டுல நின்னுக்கிட்டு அடித்தொண்டையில கத்துனா.

"ஏ புலியே! வெளிய வா! தின்னது நீ, ஏச்சு வாங்குறது நானா? வெளிய வா!"

சத்தமே இல்ல. மறுபடியும் கத்துனா. "ஏ புலியே! ஒரு எலும்பு குடு, நான் போயிடுறேன்!"

ஒரு எலைகூட அசையலை. மூணாந்தரம் கத்த வாயைத் தொறந்தா. அப்ப அவ கழுத்துக்குப் பின்னால, சூடா ஒரு மூச்சு.

"ஏண்டி கத்துற? புள்ளைங்க தூங்குது."

திரும்பிப் பாத்தா புலி. பொம்பளைப் புலி. வாசக் கதவு அகலம் மூஞ்சி. அதுக்குப் பின்னால புதர்ல ரெண்டு குட்டி சுருண்டு கெடக்குது. வடிவாச்சிக்குக் காலு ரெண்டும் சேத்துல பொதைஞ்சு போச்சு, ஓடணும்னாலும் ஓட முடியாது. ஆனாலும் கேக்க வந்ததைக் கேட்டா.

"எம் புருசன் எலும்பு. ஒன்னே ஒன்னு."

"யாரு ஒம் புருசன்?"

"சன்னாசி. நீ தின்ன சன்னாசி."

"நானா?"ன்னுச்சு புலி. கண்ணு ரெண்டும் உருண்டையாப் போச்சு அதுக்கு. "நானா தின்னேன்? இங்க பாரு பொண்ணே. போன மாசியில ஒரு மீசைக்காரன் எங்குட்டி மேல காலை வெச்சான், அவனைத் தின்னேன். அதுக்கு முன்னால ஒரு தாத்தனைத் தின்னேன். தின்னதை நான் மறைக்க மாட்டேன். தின்னாததைச் சொமக்க மாட்டேன். சன்னாசின்னு யாரையும் நான் தின்னலை."

"பொய்யி! இந்தா அவன் வேட்டி, பாரு, ரத்தம்!"

புலி மூக்கை நீட்டி மோந்துச்சு. ஒரு தரம் மோந்துச்சு, ரெண்டு தரம் மோந்துச்சு, மூணாந்தரம் மோந்துட்டு ஒரு தும்மல் போட்டுச்சு.

"ஏண்டி, இது கோழி ரத்தம்டி."

"கோழியா?"

"கோழிதான். முட்டையிடுற கோழி. ஆளு ரத்தத்துக்கும் கோழி ரத்தத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

செவலைக் கோழி! கீரி தூக்கிட்டுப் போச்சுன்னானே! வடிவாச்சி சேத்துலயே உக்காந்துட்டா. உக்காந்து, புலிய அண்ணாந்து பாத்து, "அப்ப எம் புருசன் எங்க?"ன்னா.

"எனக்குத் தெரியாது. ஆனா எனக்கும் தெரிஞ்சாகணும். உங்க ஊர்ல எதுக்கு வேலுக்குத் தில்லைப் பால் தடவுறாங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இதுக்குத்தானா? செய்யாததுக்கு நான் செத்தா எம் புள்ளைங்களுக்கு யாரு இருக்கா? எந்திரி, போயித் தேடுவோம்."

குட்டிங்களை மேட்டுல படுக்க வெச்சுட்டு, புலி முன்னால நடந்துச்சு, வடிவாச்சி பின்னால நடந்தா. கொஞ்ச தூரம் போனதும் ஒரு முதலை வெயில் காஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு.

"முதலையே முதலையே, நண்டுக்குப்பத்துச் சன்னாசியப் பாத்தியா? தேனெடுக்கப் போனவன், ஒத்தைக் கடுக்கன் போட்டவன், ஊருக்கு வராதவன்?"

முதலை ஒரு கண்ணை மட்டும் தொறந்துச்சு. "மூஞ்சியப் பாக்கலை. எம் முதுக மரக்கட்டைன்னு நெனச்சு ஒருத்தன் மிதிச்சுட்டுத் தாண்டிப் போனான். கால்ல புதுச் செருப்பு."

"செத்தவனுக்கு எதுக்குச் செருப்பு?"ன்னா வடிவாச்சி.

இன்னும் கொஞ்ச தூரம் போனா ஒரு நீர்நாய் மீனைக் கடிச்சுக்கிட்டு நிக்குது.

"நீர்நாயே நீர்நாயே, நண்டுக்குப்பத்துச் சன்னாசியப் பாத்தியா? தேனெடுக்கப் போனவன், ஒத்தைக் கடுக்கன் போட்டவன், ஊருக்கு வராதவன்?"

"பாத்தேனே. தலையில மூட்டை, மூட்டையில சரிகை வேட்டி. ஒரு கையால நீந்திக்கிட்டு, பாட்டு வேற பாடிக்கிட்டுப் போனான்."

"செத்தவன் எதுக்குப் பாடுறான்?"ன்னா வடிவாச்சி.

ஆத்தோரத்துக்கு வந்தா, கெளையில ஒரு மீன்கொத்தி.

"மீன்கொத்தி மீன்கொத்தி, நண்டுக்குப்பத்துச் சன்னாசியப் பாத்தியா? தேனெடுக்கப் போனவன், ஒத்தைக் கடுக்கன் போட்டவன், ஊருக்கு வராதவன்?"

"பாத்தியாவா? இப்பத்தானே பாத்துட்டு வரேன்! அக்கரைமேட்டுல வாழைமரம் கட்டி, பந்தல் போட்டு, மேளம் அடிக்கிறாங்க. அந்த ஊர் நாட்டாரு பொண்ணு காத்தாயிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அவன்தான்!"

இந்தத் தடவை வடிவாச்சி ஆத்துப் பக்கம் திரும்பிட்டா. இத்தனை நாளா அழுத கண்ணு அது. பச்சைத் தண்ணி பல்லுல படாம கெடந்த வயிறு. ஊரு முழுக்க ஏசுன ஏச்சு. எல்லாம் ஒருத்தன் சரிகை வேட்டி கட்டிக்கிறதுக்கா? அவளுக்கு அழுகை வரலை. அதுதான் அதிசயம். அவ ஆத்தையே பாத்துக்கிட்டு நின்னா. அகலமான ஆறு.

புலி முதுகைக் காட்டிக் குனிஞ்சு நின்னுச்சு. "ஏறு."

"உம் மேலயா?"

"பின்ன, முதலை மேலயா? ஏறுடி."

கண்ண மூடிக்கிட்டு ஏறுனா. புலி நீந்துச்சு, அவ அதோட கழுத்து மயித்தைப் புடிச்சுக்கிட்டா, தண்ணி மார் வரைக்கும் வந்துச்சு, தலை வரைக்கும் தெறிச்சுச்சு, அக்கரை போயிச் சேந்தாங்க. புலி தாழம் புதருக்குள்ள பதுங்கிக்கிச்சு. வடிவாச்சி மட்டும் பந்தலுக்குப் போனா. தலைவிரி கோலம், மேலெல்லாம் சேறு, சேலையிலேர்ந்து தண்ணி சொட்டுது.

பந்தல்ல மணவறை மேல மாலையும் கழுத்துமா உக்காந்துக்கிட்டு சன்னாசி கதை சொல்லிக்கிட்டு இருக்கான். என்ன கதைங்குற?

"எம் மொதப் பொண்டாட்டி பேரு வடிவாச்சி. நண்டு புடிக்கப் போனா. புலி வந்து இடுப்போட கவ்விக்கிச்சு. நான் வெறுங்கையால புலியோட சண்டை போட்டேன், முடியலை. இந்தக் கண்ணு முன்னாலயே அவளைக் கடிச்சுத் தின்னுடுச்சு"ன்னு கண்ணைத் தொடைச்சுக்கிறான். அங்க இருக்குற பொம்பளைங்கள்லாம் உச்சுக் கொட்டுறாங்க.

கீரி மேல ஒரு பொய்யி, புலி மேல ஒரு பொய்யி, இப்ப பொண்டாட்டி மேல ஒரு பொய்யி. வாய் கூசலையே அவனுக்கு!

"யாரும்மா நீ? என்ன கோலம் இது?"ன்னு பொண்ணோட அப்பன் கேட்டாரு.

"நான்தாங்க புலி தின்ன பொண்டாட்டி"ன்னா வடிவாச்சி.

மேளம் நின்னு போச்சு. நாயனக்காரன் ஊதுன மூச்சு பாதியில நின்னு போச்சு. மாப்பிள்ளைக்கு மூஞ்சி சாம்பலாப் போச்சு. ஆனா கெட்டிக்காரன் பாரு, சட்டுன்னு எந்திரிச்சு, "பேயி! செத்தவ பேயா வந்திருக்கா! அடிங்க, வெரட்டுங்க!"ன்னு கத்துனான்.

நாலு பேரு கட்டையத் தூக்கிட்டாங்க. அப்ப கல்யாணப் பொண்ணு காத்தாயி எந்திரிச்சா. அவ வடிவாச்சி நடந்து வந்த தரையப் பாத்தா. ஒவ்வொரு அடிக்கும் சேத்துத் தடம்.

"அப்பா, பேய்க்குக் கால் சேறாகுமா? இந்த அக்கா ஆளுதான்"ன்னா.

"இவ யாருன்னே எனக்குத் தெரியாது!"ன்னு சன்னாசி மாத்திப் பேசுனான். "எம் பொண்டாட்டிய புலி தின்னுச்சு, சத்தியம்! இல்லேங்குறதுக்குச் சாட்சி யாரு? புலியா வந்து சொல்லப் போவுது?"

"வந்துட்டேன்"னு ஒரு கொரலு.

அய்யய்யோ! பந்தல்ல ஒரு ஆளு இல்ல பாத்துக்க. கட்டையத் தூக்குனவன் வாழைமரத்துல ஏறுறான், வாழைமரம் தாங்குமா, அவனோட சாயுது. சமையக்காரன் அண்டாவுக்குள்ள எறங்கிட்டான். பொண்ணோட அப்பன் மணவறைக்கு அடியில. காத்தாயி மட்டும் எங்கயும் ஓடலை, வடிவாச்சி கையப் புடிச்சுக்கிட்டு நின்னா. புலி பந்தலுக்குள்ள மெல்ல நடந்து வந்து, மாப்பிள்ளைக்கு எதுக்க உக்காந்துச்சு.

"ஏண்டா, எம் பேர்ல ரெண்டு பொணம் எழுதி வெச்சிருக்க. அக்கரையில உன்னைத் தின்னேன், இக்கரையில இவளைத் தின்னேன். ரெண்டு பேரும் எம் முன்னால நிக்குறீங்க, எனக்கு வயிறு காலியா இருக்கு. பழியச் சொமந்தாச்சு, தீனியாச்சும் குடு."

சன்னாசிக்குச் சரிகை வேட்டி நனைஞ்சு போச்சு. ஆத்துத் தண்ணியால இல்ல. தடால்னு விழுந்து, எல்லாத்தையும் ஒப்பிச்சான். தேன் விக்க வந்த எடத்துல காத்தாயி வூட்டுத் தோணியும் வலையும் பாத்து ஆசைப்பட்டானாம். பொண்டாட்டி இருக்குறவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்களேன்னு, கோழியக் கொன்னு வேட்டியில தடவுனானாம்.

காத்தாயி கழுத்துல கெடந்த மாலையக் கழட்டி அவன் மேல வீசுனா.

புலி வடிவாச்சியப் பாத்துச்சு. "தின்னட்டுமா?"

வடிவாச்சி யோசிச்சா. ரொம்ப நேரம் இல்ல. "வேணாம். எங்க அத்தை எலும்பு கேட்டாங்க. அதைக் கொண்டுட்டுப் போறேன்"ன்னா.

நண்டுக்குப்பத்துல ஆத்தங்கரையில கருமாதி நடக்குது. எலை போட்டு, சோத்து உருண்டை வெச்சு, மாமியாக்காரி "கா கா"ன்னு காக்காயக் கூப்புட்டுக்கிட்டு இருக்கா. அப்ப அக்கரைத் தோணி ஒன்னு வந்து நின்னுச்சு. வடிவாச்சி எறங்குனா. பின்னாலயே அவனைத் தரதரன்னு இழுத்து எறக்குனா.

"அத்தே, ஒரு எலும்பு கேட்டீங்க. மொத்த எலும்பும் தோலோட கொண்டாந்திருக்கேன், எண்ணிக்குங்க."

ஊரு வாயப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. வேல் புடிச்சிருந்தவன் கை தானா எறங்கிப் போச்சு. அவ நடந்தது பூராவும் சொன்னா. கோழி, செருப்பு, சரிகை வேட்டி, கல்யாணம் வரைக்கும் சொன்னா.

இனிமே சொல்லப் போறதுதான் எல்லாத்தையும் விட அதிர்ச்சி. மாமியாக்காரி ஓடிப் போயி மவனைக் கட்டிக்கிட்டா. கட்டிக்கிட்டு, வடிவாச்சி பக்கம் திரும்பி, "என்னடி பாத்துக்கிட்டு நிக்குற? ஆம்பளைப் புள்ள, ஏதோ தெரியாம செஞ்சுட்டான். போ, போயி அடுப்ப மூட்டி அவனுக்குச் சோறாக்கு!"ன்னா.

நாட்டாரும் தலைய ஆட்டுனாரு. "ஆமாந்தாயி. போனவன் திரும்பி வந்தது ஓம் மாங்கல்ய பாக்கியம். பெருசு பண்ணாத."

வடிவாச்சி கருமாதி எலை கிட்டப் போயி, கழுத்துத் தாலியக் கழட்டி, அந்தச் சோத்து உருண்டை பக்கத்துல வெச்சா.

"எம் புருசன் செத்துட்டான்னு நீங்கதான் சொன்னீங்க. அழச் சொன்னீங்க, அழுதேன். எலும்பு கேட்டீங்க, கொண்டாந்தேன். பிண்டமும் வெச்சாச்சு. வெச்ச பிண்டத்தை எடுக்க முடியுமா நாட்டாரே? செத்தவன் செத்தவன்தான். இவன் யாருன்னு எனக்குத் தெரியாது."

ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் வடிவாச்சி பக்கம் வந்து நின்னாங்க. ஒருத்தி வந்தா, ரெண்டு பேரு வந்தாங்க, அப்பறம் எல்லாரும் வந்துட்டாங்க. "ஆமா, எங்களுக்கும் தெரியாது"ன்னாங்க. அக்கரையில ஒரு உறுமல் கேட்டுச்சு பாரு, நாட்டாரு வாய மூடிக்கிட்டாரு. ஆம்பளைங்க வேல் முனையத் தண்ணியில கழுவுனாங்க.

அன்னையிலேர்ந்து சன்னாசி செத்தவன். தண்ணி குடுங்கன்னு கேப்பான், "காத்துச் சத்தம்"னு கதவைச் சாத்துவாங்க. வூட்டுக்குள்ள நொழைவான், "ஆவி வந்துடுச்சு"ன்னு சாம்பலை வீசுவாங்க. அக்கரைக்குப் போனா காத்தாயி அப்பன் கட்டையோட நிப்பாரு, காட்டுக்குப் போனா புலி நிக்கும். அவங்காத்தா மட்டும் ஆத்தங்கரையில எலையில சோறு வெப்பா. அதுக்கும் அவன் காக்காயோட மல்லுக்கு நிக்கணும். மவனுக்குக் கையால ஊட்ட முடியாம, தள்ளி நின்னு பாத்துக்கிட்டு அழுவா அந்தக் கெழவி. கடைசியில ஒரு நாளு அவன் எங்கயோ போயிட்டான். எங்கன்னு யாரும் தேடலை. செத்தவனை யாரு தேடுவா?

வடிவாச்சி? அவ சொந்தமா ஒரு தோணி கட்டிக்கிட்டு நண்டு புடிச்சுப் பொழைச்சா.

அதுக்கப்பறம் அந்தப் புலி ஆளே திங்கலையான்னு கேக்குறியா? தின்னுச்சு. புலிதானே, பசிச்சாத் திங்கும். ஆனா தின்னுச்சுன்னா, ஆத்தோரத்துக்கு வந்து ஊரைப் பாத்து மூணு தரம் உறுமிட்டுப் போவும், நான்தான், நான்தான், நான்தான்னு. அதுங்குட்டிங்களும் பெருசாகி அப்படியே பழகிக்கிச்சுங்க. அந்த ஊர்ல யாராச்சும் காணாமப் போயி, புலி உறுமல் கேக்கலேன்னு வையி, ஜனங்க காட்டுக்கு ஓட மாட்டாங்க. மொதல்ல வூட்டுக்குள்ளதான் தேடுவாங்க.

பொய்யி சொன்னவன் போன எடம் தெரியலை, புலி சொன்ன சொல்லு இன்னும் அழியலை. ஆத்துல தண்ணி ஏத்தம் வந்துடுச்சு, தோணியக் கட்டியாச்சு, கண்ண மூடு.